பல்லைப் பிடித்துப் பார்த்தல்

மல்லிப்பட்டினத்திலிருந்து பார்சல் சர்வீஸில் வந்தது,
தெர்மோகோல் பெட்டியில், உப்பு தடவி,
ஒரு மேல்தாடைத் துண்டு.
சீட்டில் யாரோ நீலப் பேனாவில்:
"ஆவுளியா. பெண். ஒன்பது அடி. செவுள்வலை."
வடவள்ளி ஆய்வகத்தில் அன்று நான் மட்டும்தான்.

பெண் கடற்பசுவுக்குத் தந்தம் வெளியே தெரிவது அபூர்வம்.
எலும்புக்குள் முளைத்து எலும்புக்குள்ளேயே நின்றுவிடும்.
ரம்பத்தால் நெடுக்கே பிளந்து
அமிலத்தில் நனைத்து
லென்சுக்கடியில் வைத்தால்
ஆண்டுக்கு ஒரு வரி.
நாற்பத்தொன்று எண்ணினேன்.
மறுபடி எண்ண, நாற்பது.
டீ குடித்துவிட்டு வந்து எண்ண, நாற்பத்தொன்று.
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

ஞாயிறு காங்கயம் போனபோது
செல்போனில் படத்தைப் பார்த்த கொழுந்தனார்
"எத்தனை பல்லுங்க அண்ணி?" என்றார்.
கண்ணபுரம் சந்தையில் தரகு பார்ப்பவர் செங்காளியப்பன்.
ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது;
அவர் கணக்கில் வயது அதோடு முடிந்தது.
"நாப்பத்தொண்ணு."
"மாடுதானுங்களா அது?"

பெயர் பசு.
கொம்பில்லை, குளம்பில்லை, திமில் இல்லை.
பின்னங்கால் இருந்த இடத்தில்
சதைக்குள் ரெண்டு எலும்புக் குச்சி.
மடி அக்குளில்.
மூக்கணாங்கயிறு ஏறாத மூக்கு:
மூழ்கும்போது தானே சாத்திக்கொள்ளும் ரெண்டு கதவு.
விலா எலும்பில் மஜ்ஜை கிடையாது, கல்லாகக் கனக்கும்,
அடியில் நின்று மேய அந்தக் கனம் வேண்டும்.
தின்ற புல் குடலைக் கடந்து வெளியேற ஒரு வாரம்.
பங்காளி யாரென்று பார்த்தால்
மாட்டு வகையறாவே இல்லை, யானை.
மதுக்கரையில் ராத்திரி தண்டவாளம் தாண்டுகிறதே, அது.

"தீனி?"
நம் கொரங்காடு மாதிரி ஒன்று
கடலுக்கடியில் இருக்கிறது என்றேன்.
கிளுவை வேலி கிடையாது. படல் கிடையாது.
கொழுக்கட்டைப் புல்லுக்குப் பதில்
சேற்றில் வேர் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே பூத்து,
அலையில் மகரந்தம் அனுப்புகிற புல்.
வெயில் எட்டும் ஆழம் வரைக்கும்தான் அதன் ஊர்.
தண்ணீர் நெடுநாள் கலங்கிக் கிடந்தால் செத்துப்போகும்.
இவள் உதட்டால் நோண்டி வேரோடு தின்று போன வழி
இட்டேரி போல வளைந்து வளைந்து கிடக்கும்.
நாலைந்து நிமிஷத்துக்கு ஒருக்கா
மூச்சு வாங்க மேலே வருவாள்.

"வலைக்குள்ள இருந்தா எப்படிங்க வர்றது"
என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு, பழக்கதோஷம்,
விலை பேசுகிறாற்போல் தோள்துண்டை உருவி
என் கைமேல் போட வந்து,
கூச்சப்பட்டு,
தன் மடியிலேயே போட்டுக்கொண்டார்.
"எத்தனை ஈத்து?"

சினை பதிமூணு மாசத்துக்குக் குறையாது.
ஒரே கன்று.
ஒன்றரை வருஷம் பால்.
அடுத்த சினைக்கு மூணு வருஷம் ஆகலாம், ஏழும் ஆகலாம்.
தலையீத்தே பத்து வயசுக்கு மேல்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்கடியில் அவர் விரல்கள் மடங்குவது தெரிந்தது.
ஒரு கை போதவில்லை, இன்னொரு கையில் ஒரு விரல்.
"கூடிப்போனா ஆறு. கட்டாதுங்க அண்ணி."
யாருக்கு, என்றேன்.
தட்டிலிருந்த முறுக்கை எடுத்து
உடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதை யார் யாருக்குத் தானம் கொடுத்தார்கள்?

திங்கள் காலை மறுபடி லென்ஸ்.
உள்பள்ளத்தை ஒட்டிய கடைசி வரி
பாதிதான் படிந்திருக்கிறது.
அதை வரியென்றால் நாற்பத்தொன்று,
இல்லையென்றால் நாற்பது.
படிவத்தில் அரை வரிக்குக் கட்டம் இல்லை.
நாற்பது என்று எழுதினேன்.

மத்தியானம் சந்தையிலிருந்து போன்.
பின்னால் மாடுகள் கத்தும் சத்தம், லாரி ஹாரன்.
"அண்ணி, அன்னைக்கே கேக்கோணும்னு இருந்தனுங்க.
காலடியில கன்னு ஏதாச்சும் நின்னுச்சுங்களா?"

சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.